பதினேழு ஒன்றுகள்

காலை பதினொன்றே கால். மேடம் ஸ்டாப்ளரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் துப்பறியும் நிறுவனத்துக்கு அந்த வாரம் வந்த ஒரே கேஸ் அதுதான். உள்ளே பின்னைச் சிக்க வைத்தது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாகரிகம் கருதி இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் அவருடைய உதவியாளன். ஒரு காலத்தில் கூரியர் கொடுக்க இந்த வாசலுக்கு வந்தவன். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது, "இடது ஷூவுல மட்டும் சேறு இருக்கே, வண்டி ஸ்டாண்டு உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார். உடைந்துதான் போயிருந்தது. நான்கு வருஷமாக இங்கேயே கிடக்கிறேன். இன்னும் என்னைக் கூரியர் என்றுதான் கூப்பிடுகிறார்.

போன் அடித்தது. மேடத்தின் தங்கை. பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்காய வார்டின் நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், முன்னறை எங்கள் ஆபீஸ். அதனால் அவர் வேலை நேரத்தில் போன் செய்வது அபூர்வம். மேடத்தின் கையெல்லாம் எண்ணெய், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"ஆபரேஷன் நடக்குது. சொல்லு."

"இங்கயும் ஆபரேஷன்தான் பிரச்சினை. நேத்து சாயங்காலம் ஒருத்தரை லாரி தட்டிட்டுப் போயிடுச்சு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. நாலு மணிக்குள்ள தியேட்டருக்குள்ள போயாகணும். சொந்தக்காரங்க கையெழுத்து இல்லாம சீஃப் கத்தியைத் தொட மாட்டேங்கறார்."

"சொந்தக்காரங்க இல்லாதவங்க எல்லாம் சாக வேண்டியதுதானா?"

"அதுக்கு ஒரு கமிட்டி இருக்கு. நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூடும். அதுவரைக்கும் தாங்காது அக்கா."

மேடம் ஸ்டாப்ளரைக் கீழே வைத்தார்.

"பாக்கெட்டுல என்ன இருந்துது?"

"ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸோட அடையாள அட்டை. போன் நொறுங்கிப் போச்சு. போலீஸ் பிரஸ்ஸுக்குப் போய் அவர் எழுதிக் குடுத்திருந்த ஃபாரத்தைப் பாத்துட்டு வந்துட்டாங்க. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்ங்கற இடத்துல பதினேழு ஒண்ணு எழுதி வெச்சிருக்காராம். ஆள் யாருமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நாலு மணிக்கு இன்னும் அஞ்சு மணி நேரம்கூட இல்லை" என்றார் மேடம்.

"அதனாலதான் உனக்கு போன் பண்றேன்" என்று சொல்லித் தங்கை வைத்துவிட்டார்.

"கேஸுக்கு என்ன பேர் வைக்கலாம் மேடம்?" என்று கேட்டேன்.

"முதல்ல வண்டியை எடு" என்றார்.

பிரஸ் ஒரு நீளமான கொட்டகை. உள்ளே நுழைந்ததும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் தாள் அடுக்கு, இன்னொரு பக்கம் பைண்டிங் மேஜை. நடுவில் ஒரு இயந்திரம் ரசீதுத் தாள்களை ஒவ்வொன்றாக விழுங்கி, மூலையில் சிவப்பு நம்பர் குத்தித் துப்பிக்கொண்டிருந்தது. நம்பரிங் மெஷின் என்றார் ஃபோர்மேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார்.

"அடிபட்டவன் இந்த மெஷின்லதாங்க பதினெட்டு வருஷமா வேலை. அவனை நாங்க நம்பர்னுதான் கூப்பிடுவோம். தங்கமான ஆளு. ஆனா தாள் ஓடறப்ப நடுவுல 'ஆகா'ம்பான். என்னடான்னு ஓடிப்போய்ப் பாத்தா, நாலாயிரத்து ஒண்ணு வந்திருச்சு, அது எதாலயும் வகுபடாதும்பான். முதல் தடவை மெஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னு நெனச்சு கரண்டை நிறுத்திட்டேன்."

"கல்யாணம், குழந்தை குட்டி?"

"ஒண்ணும் கிடையாதுங்க. லாட்ஜ்ல ஒரு ரூம். அந்த மேனேஜர்கிட்டயும் போலீஸ்காரங்க கேட்டாங்க. அவனைத் தேடி யாரும் வந்ததே இல்லையாம்."

ஃபாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மேடம் அதை மேஜையில் வைத்து, தலை முதல் கால் வரை ஒரு வரி விடாமல் படித்தார். நான் நேராக அவசரத் தொடர்புக்குப் போனேன். பத்துக் கட்டம் அச்சடித்திருந்தது. அந்த மனிதர் பத்திலும் ஒவ்வொரு ஒன்று போட்டு, அது போதாமல் ஓரத்து வெள்ளையில் மேலும் ஏழு போட்டிருந்தார்.

11111111111111111

"ஏட்டு இதைப் பாத்துட்டு, 'கோடு கோடாக் கிறுக்கியிருக்கான்'னு எழுதிக்கிட்டுப் போயிட்டார்" என்றார் ஃபோர்மேன்.

"ஜெயில்ல நாள் எண்ணற மாதிரி இருக்கு மேடம்" என்றேன்.

"நாள் எண்ணறவன் அஞ்சஞ்சா கட்டுக் கட்டுவான். இவன் கட்டலை." அவர் விரல் மேலே போயிற்று. "அடையாளம்ங்கற இடத்துல என்ன எழுதியிருக்கான் பாரு."

படித்தேன். 'இடது முழங்கையில் தழும்பு, 1.3 செ.மீ.'

"தழும்பை ஸ்கேல் வெச்சு அளந்து எழுதற ஆள், அடுத்த வரியில கிறுக்குவானா?" என்று கேட்டுவிட்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "வேற ஃபாரம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று, அடையாள அட்டை புதுப்பித்தபோது ஒன்று. நாங்கள் முதலில் பார்த்தது அந்தக் கடைசி ஒன்றுதான். மூன்றையும் வரிசையாக வைத்தார். பேனா வேறு, வருஷம் வேறு. ஒன்றுகளை நான் எண்ணினேன். பதினேழு, பதினேழு, பதினேழு. வேண்டா வெறுப்பாக எழுதுகிறவன் ஒரு தடவை பதினாறு போடுவான், ஒரு தடவை இருபது போடுவான். இந்த மனிதர் பல வருஷ இடைவெளியில் மூன்று முறையும் ஒன்றுகூடத் தவறவில்லை.

"கட்டத்துக்குள்ள பத்து, வெளிய ஏழு" என்றேன். "பத்து இலக்கம் மொபைல், ஏழு இலக்கம் லேண்ட்லைன். ரெண்டு போன் நம்பர் மேடம்! முடிஞ்சுது கேஸ்."

"போட்டுப் பாரு."

பத்து ஒன்றுகளுக்கு, எண்ணைச் சரிபார்க்கவும் என்று ஒரு பெண் குரல் என்னைத் திட்டாமல் திட்டியது. ஏழு ஒன்றுகளுக்கு மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம் சார், எலியா, கரப்பானா?"

"சார், ஒரு அவசரம். தலையில அடிபட்டு ஒருத்தர்..."

"கரையானா இருந்தா ஆள் நாளைக்குத்தான் வருவாங்க சார்."

வைத்துவிட்டேன். மேடம் எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாமல் இருப்பது எனக்குச் சொல்வதைவிட மோசம்.

மணி பன்னிரண்டரை. மேடம் ஃபோர்மேனைக் கேட்டார்: "இதைப் பத்தி அவன் யாருகிட்டயாவது பேசியிருக்கானா?"

"டிடிபி பொண்ணுகிட்ட பேசுவான். அந்தப் பொண்ணுதான் அட்டை புதுப்பிக்கறப்ப ஃபாரத்தைக் கம்ப்யூட்டர்ல ஏத்துச்சு. சாப்பிடப் போயிருக்கு. ஒன்றரைக்கு வந்துரும். போனை இங்கயே சார்ஜ்ல போட்டுட்டுப் போயிடுச்சு."

ஒரு மணி நேரம் சும்மா இருப்பதா? மேடம் என் கையில் ஒரு பேனாவையும் மேஜை நிறைய வேஸ்ட் தாளையும் தள்ளினார். "எந்த நம்பரைப் பாத்தாலும் எதால வகுபடும்னு பாக்கற ஆள். நீயும் பாரு."

பள்ளிக்கூடத்தில் படித்தது எங்கேயாவது உதவும் என்பார்கள். எனக்கு உதவும் நாள் இப்படி மண்ணெண்ணெய் நாற்றத்தில் வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு, ஐந்து பார்க்கவே வேண்டாம். மூன்றுக்கு இலக்கங்களைக் கூட்டினால் பதினேழு, வகுபடாது. பதினொன்றுக்கு ஒன்றைக் கூட்டி ஒன்றைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஏழால் வகுத்தேன், மீதி இரண்டு. பதின்மூன்றால் வகுத்தேன், மீதி ஒன்பது. பதினேழு ஒன்றுகளைப் பதினேழாலேயே வகுத்தால் சரியாக வரும் என்று ஒரு நப்பாசை. மீதி ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்தது.

"இது எதாலயும் வகுபடாது மேடம். சத்தியமா."

"பதினாறு ஒண்ணு எழுதியிருந்தா பதினொண்ணு வகுத்திருக்கும். பதினெட்டு எழுதியிருந்தா மூணு வகுத்திருக்கும். ரெண்டுக்கும் நடுவுல, சுலபமா மசியாத ஒண்ணாப் பாத்து எழுதியிருக்கான்" என்றார். தாள் எதுவும் தொடாமல், மனசுக்குள்ளேயே போட்டிருக்கிறார். என்னை மட்டும் பேனாவோடு உட்கார வைத்தது எதற்கு என்று தெரியவில்லை.

ஒன்றே முக்காலுக்கு டிடிபி பெண் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த டிபன் டப்பாவை அப்படியே மேஜையில் வைத்தார்.

"அய்யோ, அந்த நம்பரா? நான் அப்பவே கேட்டேன் மேடம். என்ன சார் இது, கம்ப்யூட்டர் பத்து இலக்கத்துக்கு மேல வாங்க மாட்டேங்குதுன்னு. 'அவசரம்னா உடைச்சுப் பாத்துக்குவாங்கம்மா, ரெண்டே துண்டுதான்'னு சொன்னார். ஏதோ தத்துவம் பேசறார்னு விட்டுட்டேன்."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்தார். ரத்தம் ஒழுகக் கிடக்கிற ஒருவனுடைய பாக்கெட்டைத் துழாவும் போலீஸ்காரர், ஆம்புலன்ஸ்காரர், வார்டு ஆயா, யாராக இருந்தாலும் பதினேழு இலக்க எண்ணைக் கண்டதும் உட்கார்ந்து காரணிப்படுத்திப் பார்ப்பார்கள் என்று ஒரு மனிதர் மனதார நம்பியிருக்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று ஃபாரத்திலும் நம்பியிருக்கிறார்.

"நல்லா இருப்பான்யா இவன்" என்றேன்.

"இருக்கணும். நாலு மணிக்கு மேலயும்" என்றார் மேடம். "ஏம்மா, கம்ப்யூட்டர் உடைக்குமா?"

"அதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு மேடம். அவர்தான் எனக்குக் காட்டினார்." கடகடவென்று ஒன்றுகளைத் தட்டி எண்டரை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. 3, 3, 7, 11, 13, 19, 37, இன்னும் இரண்டு பெரிய எண்கள்.

"ஏழு வருது, பதினொண்ணு வருது! நான் போட்ட கணக்கு எல்லாம் தப்பா?" என்று தலையில் கை வைத்தேன்.

"ரெண்டே துண்டுன்னான். இது ஒம்பது துண்டு" என்றார் மேடம். "எத்தனை ஒண்ணும்மா போட்டே?"

எண்ணினோம். பதினெட்டு. விரல் ஒரு தடவை கூடுதலாக விழுந்திருக்கிறது. ஒரே ஒரு ஒன்று கூடியதும் அந்தக் கெட்டிக்கார எண் ரஸ்க்கு மாதிரிப் பொடிப்பொடியாகிவிட்டது. அவர் ஒன்றை அழித்துவிட்டு மறுபடி எண்டரைத் தட்டினார்.

2071723 × 5363222357

"ரெண்டே துண்டு" என்றார் டிடிபி பெண், மெதுவாக.

ஏழு இலக்கம் ஒன்று, பத்து இலக்கம் ஒன்று. நான் வகுத்து வகுத்துப் பதினேழு வரைக்கும் வந்திருந்தேன். அதே வேகத்தில் போயிருந்தால் இன்னும் இருபது லட்சத்துச் சொச்சம்தான் பாக்கி.

"நான் மொதல்ல சொன்னதுதானே! ஒரு மொபைல், ஒரு லேண்ட்லைன்!" என்று குதித்தேன்.

"இருங்க, அந்தப் பெரிய நம்பர்..." டிடிபி பெண் சார்ஜில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தார். "இது அவரோட நம்பர்தான் சார். நம்பர் சாரோட நம்பர்."

ஃபோர்மேன் எட்டிப் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை அப்போதுதான் கண்டுபிடித்து மூக்குக்கு இறக்கினார். "இந்த நம்பருக்காக அவன் பட்ட பாடு இருக்கே! ஊருல இருக்கற போன் கடை எல்லாம் ஆறு மாசம் ஏறி இறங்கினான். எல்லாரும் பேன்ஸி நம்பர் கேப்பாங்க, நாலு ஒம்பது, அஞ்சு எட்டுன்னு. இவன் மூஞ்சியே இல்லாத ஒரு நம்பரை எழுதிக்கிட்டுப் போய், இதுதான் வேணும்னு நின்னான். கடைக்காரன் எனக்கு போன் பண்ணி, இந்த ஆள் நல்லாத்தான் இருக்காரான்னு கேட்டான்."

என் உற்சாகம் சப்பென்று இறங்கியது. "அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்டா, என்னையே கூப்பிடுன்னு சொல்ற முதல் ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். அந்தப் போனும் நொறுங்கிப் போச்சு. சரி, லேண்ட்லைன் இருக்கு. இருபது, எழுபத்தொண்ணு, எழுநூத்து இருபத்து மூணு. போடறேன் மேடம்."

"போடாதே."

"ஏன்?"

"எடுக்க ஆள் இல்லை. அந்த லைனை சரண்டர் பண்ணி இருபது வருஷம் ஆச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருஷத்தில் அந்த முகத்தில் நான் மூன்று பாவனைகள்தான் பார்த்திருக்கிறேன். இது நாலாவது.

"நான்தான் சரண்டர் பண்ணினேன். அது எங்க பழைய வீட்டு நம்பர்" என்றார்.

ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"அப்பா தவறி ஒரு வருஷம் ஆகியிருந்துது" என்று என் முதுகுக்குச் சொன்னார். "வீட்டுல நானும் தங்கச்சியும்தான். தினம் சாயங்காலம் ஆறரைக்கு ஒரு போன் வரும். நான் எடுத்தா ஒரு ஆம்பளைக் குரல், 'உங்க வீட்டு நம்பர் இருக்கே, அது...'ன்னு ஆரம்பிக்கும். ராங் நம்பர்னு சொல்லி வெச்சிடுவேன். மறுநாளும் அதே நேரம், அதே ஆரம்பம். அவ எடுத்தா மட்டும் அரை மணி நேரம் பேசுவா. யாருடின்னு கேட்டேன். கணக்கு பேசறோம்னா. காது குத்தறான்னு நெனச்சேன். எவனோ பொறுக்கி, பொண்ணுங்க மட்டும் இருக்கற வீடுன்னு தெரிஞ்சுக்கிட்டு விளையாடறான்னு நெனச்சேன். லைனையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டையும் மாத்தினேன்."

"அவர் என்ன சொல்ல வந்தார்னு கேக்கவே இல்லையா?"

"ஒரு நாளும் முடிக்க விடலை. இன்னிக்குத்தான் முடிச்சான்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு மேடத்தின் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பரிதாபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வண்டியை எடுத்தேன்.

மூன்றே காலுக்கு வார்டு வராந்தாவில் நின்றோம். தங்கை வெளியே வந்தார். காலையில் வேலைக்கு வந்தவர் மாதிரி இல்லை. நேற்று மாலையிலிருந்து வீட்டுக்கே வராதவர் மாதிரி இருந்தது. டபுள் டியூட்டி என்று மேடத்திடம் சொல்லியிருந்தாராம்.

"கண்டுபிடிச்சுட்டியா அக்கா?"

"ஏட்டு 'கோடு கோடா'ன்னுதான் எழுதிக்கிட்டுப் போயிருக்கார். எண்ணலை" என்றார் மேடம். "நீ மட்டும் போன்ல பதினேழுன்னு சொன்னே. உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"கோடு கோடா எழுதியிருக்கார்னு ஏட்டு சொன்னதுமே தெரிஞ்சுது. வேற எத்தனை எழுதுவார்?"

"நேத்து கொண்டுவந்தப்பவே ஆள் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப என்னை எதுக்குடி ஊரெல்லாம் அலைய விட்டே?"

"அவருக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடுன்னு கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

மேடம் பார்வையை வார்டு கதவுக்குத் திருப்பினார்.

"இருபது வருஷமா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுவே. ஆனா கேஸுன்னு குடுத்தா பாதியில விட மாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? நான் போட முடியாது அக்கா. வார்டுல வேலை பாக்கறவங்க தன் பேஷண்டுக்கு சொந்தம்னு கையெழுத்துப் போட்டா, அந்த நிமிஷமே வார்டை விட்டு வெளிய போயிடணும். அப்புறம் அவர் பக்கத்துல யாரு இருப்பா? அது போகட்டும். நோயாளிக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் என்னன்னு எழுதுவேன்?"

ஒரு டிராலி கிறீச்சிட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போயிற்று.

"முதல் தடவை எதுக்கு போன் பண்ணினான்?" என்று மேடம் கேட்டார்.

"அப்ப அவர் வேலை பாத்த பழைய பிரஸ்ல டெலிபோன் டைரக்டரி அச்சடிச்சாங்களாம். அதுல நம்ம நம்பரைப் பாத்திருக்கார். 'உங்க வீட்டு நம்பர் இருக்கே, அது பதினேழு ஒண்ணை மீதியில்லாம வகுக்கும், உங்களுக்குத் தெரியணும்னு தோணிச்சு'ன்னார். ராங் நம்பர்னு சொல்ல எனக்கு மனசு வரலை. வெச்சதும் பேப்பரை எடுத்து வகுத்துப் பாத்தேன். நிஜமாவே மீதி இல்லை. ஈவு மட்டும் பத்து இலக்கம் வந்துது."

"அந்தப் பத்து இலக்கம்தான் இப்ப அவனோட மொபைல் நம்பர். தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"ஊருல எல்லாருக்கும் பத்து இலக்கத்துல மொபைல் நம்பர் வந்துது இல்லையா, அப்ப ஒரு நாள் சும்மா போட்டுப் பாத்தேன்." தங்கை யூனிபாரத்தின் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டார். "முதல் மணியிலயே எடுத்தார். குரலைக் கேட்டதும் தெரிஞ்சு போச்சு."

"என்ன பேசினே?"

"ராங் நம்பர்னு சொல்லி வெச்சுட்டேன்."

நான் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை படித்தேன். படித்து முடித்துத் திரும்பியபோது மேடம் ஏற்கெனவே கவுன்டரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

கவுன்டர் கிளார்க் படிவத்தை நீட்டினார். மேடம் படித்து, வரி வரியாக நிரப்பிக்கொண்டே வந்தார். 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் பேனா ஒரு நொடி நின்றது. அப்புறம் எழுதினார். எனக்கு அவர் தோள்தான் தெரிந்தது, எழுத்துத் தெரியவில்லை. கிளார்க் படித்துவிட்டு மேலே பார்த்தார்.

"அவங்க எங்கம்மா? அவங்களே போடலாமே?"

"வேலையில இருக்கா. நகர முடியாது."

"புருஷன் இப்படிக் கிடக்கறப்ப என்னம்மா வேலை?" என்று முணுமுணுத்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

மூன்று ஐம்பதுக்கு டிராலி கிளம்பியது. தலையெல்லாம் கட்டு, அதற்குக் கீழே ஒரு மூக்கு, நாலு நாள் தாடி. அந்த மனிதரை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். தங்கை டிராலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். தியேட்டர் கதவு வரைக்கும் போய், அங்கேயே நின்றார்.

ஐந்தே முக்காலுக்கு அவருடைய டியூட்டி முடிந்தது. எங்கள் பெஞ்சுக்கு வந்து, மேடத்துக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். நான் மூன்று டீ வாங்கி வந்தேன். யாரும் குடிக்கவில்லை. மேடம் எதிர்ச் சுவரைப் பார்த்தார். தங்கை தியேட்டர் கதவைப் பார்த்தார்.

ஆறே கால். தலைக்கு மேல் ஸ்பீக்கர் கரகரத்தது.

"தலைக்காய வார்டு, ஆறாம் நம்பர் படுக்கை. நோயாளியோட மனைவியின் அக்கா யாரு? நோயாளியோட மனைவியின் அக்கா, உடனே தியேட்டர் வாசலுக்கு வரவும்."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தங்கை கையில் இருந்த டீ யூனிபாரத்தில் சிந்தியது. அவர் அதைத் துடைக்கவில்லை. மெல்லத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார். எனக்கு அந்த முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. துப்பறியும் உதவியாளன் என்று நான் சொல்லிக்கொள்வதே தப்பு.

"கட்டியை எடுத்தாச்சு. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்றார். "கொஞ்ச நேரத்துல மயக்கம் தெளியும். அப்ப தெரிஞ்ச குரல் ஒண்ணு பக்கத்துல இருந்து பேச்சுக் குடுத்துட்டே இருந்தா நல்லது. இன்னுமா வேலையில இருக்காங்க? அவரோட மனைவி எங்க?"

மேடம் பக்கவாட்டில் நகர்ந்து வழி விட்டார். தங்கையின் முதுகில் கை வைத்து, லேசாக முன்னால் தள்ளினார்.

"உன்னைத்தான் கேக்கறாங்க. போய்ப் பேசு."